மேப்பிள் ஸ்டோரியில் 'கிளெரிக்': முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டியவை

சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ் வட்டாரத்தில் இப்போது முப்பது வயதைக் கடந்தவர்களிடம் 'மேப்பிள் ஸ்டோரி' என்று சொல்லிப் பாருங்கள். "அட, சைபர் கஃபே காலம்!" என்பார்கள். பள்ளி முடிந்ததும் பையை மாட்டிக்கொண்டே ஓடி, இரண்டு ரிங்கிட்டைக் கொடுத்துவிட்டு இடம் பிடித்த காலம் அது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ்தான் மணியடிக்கும்.

அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று அப்பா, அம்மா. அவர்களுடைய பிள்ளைகள் இதே விளையாட்டை வீட்டிலேயே தரவிறக்கம் செய்து, "எந்தக் கேரக்டர் எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். கிளெரிக் எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும், பிள்ளை என்ன ஆடுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்கும் இந்த விளக்கம்.

கிளெரிக் என்றால் யார்?

கற்பனை உலக விளையாட்டுகளில் அடிப்பவர், அடி வாங்கித் தாங்குபவர், காயத்தை ஆற்றுபவர் என்று பொதுவாக மூன்று வேலைகள் உண்டு. கிளெரிக் மூன்றாவது ஆள். குழுவில் யாருக்காவது உயிர் குறைந்தால் ஏற்றிவிடுவது அவர் பொறுப்பு.

இந்தப் பாத்திரம் கணினிக்கு முன்பே பிறந்தது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னேசன் இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டில் இருந்த மூன்று பிரிவுகளில் கிளெரிக்கும் ஒன்று. ஆர்னேசன் நடத்திய ஆட்டத்தில் ரத்தம் குடிக்கும் பேய்ப் பாத்திரம் ஒன்றை யாராலும் அடக்க முடியவில்லை. அதை எதிர்க்கத்தான் இந்த ஆன்மிக வீரரை உருவாக்கினார்கள். பேய் பிசாசுகளுக்கு எதிராகக் கிளெரிக் வலுவாக இருப்பதன் காரணம் அதுதான்.

மேப்பிள் ஸ்டோரியில் எப்படி ஆவது?

மேப்பிள் ஸ்டோரி 2003-இல் தென் கொரியாவில் வெளிவந்தது. மலேசியா, சிங்கப்பூருக்கான 'மேப்பிள் ஸ்டோரி சீ' பதிப்பு 2005-இல் தொடங்கியது. ஆட்டத்துக்குக் கட்டணம் இல்லை. உள்ளே விற்கும் பொருள்களுக்குத்தான் காசு.

எடுத்தவுடனே யாரும் கிளெரிக் ஆகிவிட முடியாது. முதலில் புதியவராகத் தொடங்கி, 10-ஆம் லெவலில் மந்திரவாதி ஆக வேண்டும். மந்திரவாதிகளின் ஊர் எலினியா. மரங்களின் மேலே கட்டிய ஊர் அது. அங்கே இருக்கும் கிரெண்டல் என்ற முதியவர்தான் குரு. 30-ஆம் லெவலில் மூன்று வழிகள் பிரியும்: நெருப்பு-விஷம், பனி-மின்னல், கிளெரிக். இங்கே கிளெரிக்கைத் தேர்ந்தெடுத்தால், 60-இல் பிரீஸ்ட், 100-இல் பிஷப். பழைய காலத்தில் இதுவே 70, 120 என்று இருந்தது. அண்ணனோ மாமாவோ வேறு கணக்குச் சொன்னால் அது அவர்கள் காலத்துக் கணக்கு, தப்பில்லை.

புள்ளிகளை எதில் போடுவது? மந்திரவாதிக்கு 'இன்ட்' எனப்படும் அறிவுத்திறன்தான் உயிர்நாடி. முன்பு கொஞ்சம் 'லக்'கிலும் கணக்குப் பார்த்துப் போட வேண்டியிருந்தது. ஒரு புள்ளி தவறினாலும் வருத்தப்படுவோம். இப்போது தானாகப் போட்டுக்கொள்ளும் பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டு நிம்மதியாக ஆடுங்கள்.

முதலில் எந்தத் திறமைகள்?

'மேஜிக் கார்ட்' மறக்கவே கூடாது. உங்களுக்கு விழும் அடியின் பெரும்பகுதியை உயிர்ப் புள்ளியில் இருந்து எடுக்காமல் மந்திர சக்தியில் இருந்து எடுக்கும். மந்திரவாதியின் உடம்பு மெல்லியது என்பதால் இதுதான் கவசம்.

அடுத்தது 'ஹீல்'. உங்களுக்கும் அருகில் இருக்கும் குழுவினருக்கும் உயிரை ஏற்றும். ஆரம்ப கால மேப்பிளில் இதற்கு இன்னொரு பயன் இருந்தது. செத்தும் சாகாத வகை அரக்கர்களை ஹீல் காயப்படுத்தும். அதனால்தான் எறும்புச் சுரங்கத்தில் இருந்த ஸோம்பி காளான்களிடம் கிளெரிக்குகள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள்.

பிரீஸ்ட் ஆனதும் 'ஹோலி சிம்பல்' வரும். குழுவுக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளியைக் கூட்டித் தரும் திறமை இது. இது வந்த பிறகு உங்களைத் தேடி ஆள் வரும். 'மிஸ்டிக் டோர்' ஊருக்குத் திரும்பும் கதவு. பிஷப்புக்கு 'ரிசரக்‌ஷன்' என்று, விழுந்தவரை எழுப்பும் சக்தியும் உண்டு.

இது யாருக்குப் பொருந்தும்?

தனியாக ஆடினால் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் ஏறுவீர்கள். பக்கத்து வீட்டுத் தம்பி வாள் எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விடுவான். பொறாமை வேண்டாம். பெரிய அரக்கனிடம் போகும்போது அவனே உங்களைத்தான் கூப்பிடுவான்.

ஆனால் ஒன்று. குழு தோற்றால் முதல் திட்டு கிளெரிக்குக்குத்தான். "ஏன் ஹீல் பண்ணல?" என்று கேட்பார்கள். அடி வாங்கும் ஆள் நீங்கள் எட்டாத தூரத்துக்கு ஓடியிருந்தால் தவறு உங்களுடையது இல்லை. அமைதியாக, "பக்கத்துல நில்லுங்க" என்று எழுதினால் போதும். இந்தப் பொறுமைதான் இந்தப் பாத்திரம் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம்.

எந்த சர்வரில் சேர்வது என்பதையும் நண்பர்களைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வேறு வேறு சர்வரில் இருந்தால் சேர்ந்து ஆட முடியாது.

தோட்டத்தில் இணையம் மெதுவாக இருந்தால்?

கிளெரிக்குக்கு வேகத்தைவிட நிலையான இணைப்புதான் முக்கியம். அரை நொடி தாமதித்தாலும் எதிரில் ஒருவர் விழுந்திருப்பார். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறவர்கள், கைப்பேசியை ஜன்னலோரம் வைத்துக் கேபிள் வழியாகக் கணினியுடன் இணைத்துப் பாருங்கள். 3ஜி சேவை 2021 இறுதியோடு நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. பழைய 3ஜி மோடம் இருந்தால் அது இனிப் பயன்படாது. இணைப்பு அடிக்கடி அறுந்தால் பெரிய சண்டைக்கு முன்பே குழுவிடம் சொல்லிவிடுங்கள். அதுதான் மரியாதை.

பணமும் பாஸ்வேர்டும்

இதைக் கவனமாகப் படியுங்கள். நான் படிவம் 3-இல் இருந்தபோது, "உன் கிளெரிக்கை ராத்திரியோட ராத்திரியா லெவல் ஏத்தித் தரேன்" என்று ஒருவர் சொன்னார். பாஸ்வேர்டைக் கொடுத்தேன். மறுநாள் கணக்கும் இல்லை, ஆளும் இல்லை. எட்டு மாத உழைப்பு போனது. அன்று போனது நேரம் மட்டும். இன்று அந்தக் கணக்கோடு வங்கி அட்டையும் மின்பணப்பையும் சேர்ந்திருக்கலாம்.

எனவே:

- பாஸ்வேர்டையோ ஓடிபி எண்ணையோ யாருக்கும் கொடுக்காதீர்கள், உறவினர் என்றாலும்.
- விளையாட்டுப் பணத்தையோ பொருளையோ வெளியாளிடம் வாங்காதீர்கள்.
- 'கச்சாபோன்' போன்ற குலுக்கல் பெட்டிகளில் என்ன வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அம்மா அப்பாவோடு பேசி முடிவெடுங்கள். பூஜ்யம் என்றாலும் ஆட முடியும்.
- பணத்தை ஏமாந்து அனுப்பிவிட்டால் திட்டு விழுமே என்று மறைக்காதீர்கள். உடனே வங்கியையோ தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "அந்தக் கேமை மூடு!" என்று கத்துவதற்கு முன், "யாரை இப்ப காப்பாத்திட்டு இருக்க?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் வரும். அந்தச் சண்டை முடிந்ததும் பிள்ளையே எழுந்து சாப்பிட வரும். நடுவில் நிறுத்தினால் குழுவில் இருக்கும் மற்றவர்கள் விழுவார்கள் என்பது கிளெரிக்குக்குத் தெரியும்.