சௌராஸ்தா சந்தையின் சுவைகள்

மெர்போக்கில் வாழும் நமக்குத் துறைமுகக் கதை புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆற்று முகத்துவாரத்தை நாடிக் கப்பல்கள் வந்தன. சோழர் கல்வெட்டுகள் குறிப்பிடும் கடாரம் இப்பகுதியே என்பர். அக்காலச் சண்டிகளின் எச்சங்களைப் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். ஆனால், அந்த வணிகர்கள் என்ன சமைத்து உண்டார்கள்? கல்லும் செங்கல்லும் நிலைத்தன. சோறும் குழம்பும் மறைந்துவிட்டன.

நமக்கு அருகிலேயே இன்னொரு துறைமுகம் இருக்கிறது. அங்கே பழைய உணவுகள் இன்னும் அடுப்பில் கொதிக்கின்றன. சுங்கைப் பட்டாணியில் கொமுட்டர் இரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரியில் கடலைக் கடந்தால் ஜார்ஜ்டவுன். 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்த நகரம் இது. இங்குள்ள ஜாலான் பினாங்கில் 1890ஆம் ஆண்டு எழுந்தது சௌராஸ்தா சந்தை. ‘சௌராஸ்தா’ என்னும் இந்துஸ்தானிச் சொல்லுக்கு நாற்சந்தி என்பது பொருள். சந்தையை ஒட்டியுள்ள தெருவின் பெயரோ லெபோ தமிழ்!

சந்தையில் முதலில் கண்ணில் படுவது ஜாதிக்காய் ஊறுகாய். நம் வீடுகளில் ஜாதிக்காய் என்றால் மசாலைக்குப் பயன்படும் கொட்டைதான். பினாங்கு மக்களோ அதன் தடித்த சதையையும் வீணாக்குவதில்லை. அதைச் சீவிச் சர்க்கரையிலோ உப்புநீரிலோ ஊறவைத்து விற்கிறார்கள். மொலுக்கஸ் தீவுகளின் மரமான ஜாதிக்காயைப் பினாங்கில் பயிரிடச் செய்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1860ஆம் ஆண்டுவாக்கில் நோய் தாக்கி அத்தோட்டங்கள் அழிந்தன. ஆயினும், பாலேக் பூலாவ் பகுதியில் இன்றும் ஜாதிக்காய் விளைகிறது. முதன்முறை சுவைப்பவர்கள் அதன் காரத்தில் சற்று முகம் சுளிப்பார்கள். இரண்டாம் துண்டு பழகிவிடும்.

சுற்றுத் தெருக்களில் மணப்பது நாசி கண்டார். ‘கண்டார்’ என்பது தோளில் தண்டு வைத்துச் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் காவடிபோல் தண்டின் இருமுனைகளிலும் சோற்றையும் குழம்பையும் கட்டித் தூக்கிச் சென்று, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். தண்டு மறைந்துவிட்டது; பெயர் மட்டும் தங்கிவிட்டது. பல குழம்புகளைச் சோறு மூழ்கும்படி ஊற்றுவதற்கு ‘பஞ்சிர்’, அதாவது வெள்ளம், என்று பெயர். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் கரண்டி குழம்புக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். கலந்த குழம்பை யாராலும் பிரிக்க முடியாது.

மீ கோரெங்கையும் கவனியுங்கள். மஞ்சள் மீ சீனர்களுடையது. மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் சேர்த்தவை தமிழ் முஸ்லிம்களின் கைகள். பசெம்பூரில் வெள்ளரிக்காய், சிங்குவாங், தவ்வு, இறால் வடை ஆகியவற்றின்மேல் சர்க்கரைவள்ளிக்கிழங்கால் கெட்டியாக்கிய காரச் சாற்றை ஊற்றுகிறார்கள். ‘அப்போம்’ நம் ஆப்பமேதான். இங்கு வாழைப்பழத் துண்டும் அதற்குள் ஏறிக்கொண்டது.

இவையெல்லாம் என்றும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்ததும் ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் வாடகை உயர்ந்தது. குடியிருந்தோரும் சிறுவணிகர்களும் பலர் வெளியேறினர். கட்டடத்தைப் பாதுகாக்கச் சட்டம் உண்டு. ஒரு குழம்பின் பக்குவமோ சமைப்பவரின் கையில் மட்டுமே இருக்கிறது. அவர் கடையை மூடினால் அதுவும் போய்விடும். கல்லுக்கும் அச்சம் இல்லாமல் இல்லை: நம் சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டி இடிக்கப்பட்டது 2013இல் தெரியவந்தது. ஆனால், அதன் அளவுகளாவது ஏட்டில் இருக்கின்றன. பசெம்பூர்ச் சாற்றை எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறார்கள்?

சந்தைக்குக் காலையிலேயே சென்றுவிடுங்கள். கடைக்காரரிடம் ஜாதிக்காயை எத்தனை நாள் ஊறவைப்பார் என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் இல்லாத வேளையில் பொறுமையாகச் சொல்வார். பிறகு, லெபோ கெங் குவியில் ஒரு கிண்ணம் செண்டோல். ஜாதிக்காயைப் பொட்டலம் கட்டி மெர்போக்கிற்குக் கொண்டுவரலாம். செண்டோலை மட்டும் பனிக்கட்டி கரையும் முன் அங்கேயே நின்று குடித்துவிட வேண்டும்.