சுகர் பார்த்தாயிற்று, கீட்டோன்?

“காலையிலேருந்து ஒரு வாய் கஞ்சிகூட இறங்கலை. இன்சுலின் போட்டா சுகர் தாழ்ந்துடுமே!” டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளை காய்ச்சலும் வாந்தியுமாகப் படுத்தால் வீட்டில் எழும் பேச்சு இது. அன்பினால் வரும் பயம்தான்; ஆனால் அந்தப் பயத்தில் ஊசியை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சாப்பாடு நின்றாலும் உடலுக்கு இன்சுலின் வேண்டும். காய்ச்சலில் பெரும்பாலும் கூடுதலாகவே வேண்டும்.

இன்சுலின் தீர்ந்துபோனால், ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் தசைகளால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். கல்லீரல் அதிலிருந்து கீட்டோன்களை உண்டாக்கும். அவை பெருகினால் ரத்தம் அமிலமாகும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து இழுக்கும் மூச்சு, வாயில் பழவாடை எல்லாம் அதன் அடையாளங்கள். இதை அஜீரணம் என்றும் வீசிங் என்றும் நினைத்துக் கைவைத்தியம் பார்த்தே பல மணி நேரம் போய்விடுகிறது.

1922 ஜனவரியில் டொரோன்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்திய மருத்துவர்கள், அவனுடைய சர்க்கரையோடு சிறுநீரில் கீட்டோன் மறைகிறதா என்பதையும் பார்த்தார்கள். நூறாண்டு கழித்தும் நம் வீடுகளில் சுகர் மெஷின் மட்டுமே இருக்கிறது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வாங்கி வைத்தாலே பெரிய துணை. அது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைத்தான் காட்டும். விரல்நுனி ரத்தத்தில் பார்ப்பது இன்னும் துல்லியம். அதில் 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 1.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். 3-ஐத் தொட்டால் மருத்துவமனைதான்; வாந்தி நிற்காவிட்டால், அளவு என்னவானாலும் மருத்துவமனைதான்.

மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும் கவனிக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்துகள். ஆனால் இவற்றை எடுக்கும் சிலருக்கு, மெஷினில் சுகர் 200-க்குக் கீழே காட்டும்போதே கீட்டோன் ஏறிவிடும். பட்டினி, கடும் விரதம், வயிற்றுப்போக்கு, அறுவை சிகிச்சை ஆகியவை ஆபத்தான சமயங்கள். அப்போது இந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், உடம்பு முடியாத நாளில் எத்தனை மணிக்கொருமுறை சோதிப்பது, எத்தனை யூனிட் கூட்டுவது என்பதை அடுத்த செக்கப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.