அழியாத ஏடும் அடுப்பு விறகும்

கண்டி மாநகரிலிருந்து ஹந்தானை மலைப்பாதையில் இரண்டு மூன்று மைல் தூரம் ஏறிச் சென்றால், நான்கு மாடிகளுடன் ஓங்கி நிற்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று நம்மை எதிர்கொள்ளும். 1925ஆம் ஆண்டிலே எழுந்த அக்கட்டிடம் 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. கொழுந்தை உருட்டிய யந்திரங்களும் அவற்றை இயக்கிய எஞ்சின்களும் இன்று ஓய்வு பெற்று அங்கே அமைதியாக நிற்கின்றன. அவை எத்தனை இறாத்தல் தேயிலை தந்தன என்பதற்கு அக்காலத்தார் கணக்கு வைத்தனர். ஆனால், அத்தேயிலைக்காக எவ்வளவு புகை வானில் கலந்தது என்று கணக்கு வைக்க வேண்டுமென எவரும் எண்ணவில்லை.

கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டன் மாநகர் போய்ச் சேர்ந்தது. அன்றைய வியாபாரி நிறத்தையும் மணத்தையும் சுவையையும் பார்த்தான். இன்றைய வியாபாரியோ அவற்றோடு இன்னுமொன்று கேட்கத் தொடங்கியிருக்கிறான்: "இதனை உற்பத்தி செய்கையில் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியாயிற்று?" என்பதே அக்கேள்வி.

இது வெறும் ஆவலினால் எழுந்த கேள்வியன்று. சீமெந்து, இரும்புருக்கு, அலுமினியம், பசளை முதலிய பண்டங்களை இறக்குமதி செய்வோர் அவற்றின் உற்பத்தியில் வெளியான காபனுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஒக்டோபர் முதல் விதித்தது. தேயிலை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. எனினும், காற்று வீசும் திசையை அறிய மரம் சாயும்வரை காத்திருக்க வேண்டுமோ?

தேயிலைத் தொழிற்சாலையில் காபன் எங்கிருந்து பிறக்கின்றது என்பதைச் சற்றே நோக்குவோம். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, தரம் பிரித்த பின்னரே அது தேயிலையாகின்றது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எஞ்சியதெல்லாம் பெரும்பாலும் நீரே. அந்த நீரை அகற்றுவதற்கே அடுப்பு எரிகின்றது, மின்விசிறி சுழல்கின்றது.

அடுப்புக்கு விறகு வேண்டும். வெட்டிய இடத்தில் மறுபடியும் மரம் நட்டு வளர்த்தால், புகையாகிப் போன காபனை வளரும் மரம் மீண்டும் உட்கொள்ளும். காட்டை அழித்துக் கொணர்ந்த விறகாயின் அந்த ஈடு கிட்டாது. அடுப்பிலே எரியும்போது இரண்டும் ஒரே விறகுதான்; வேற்றுமை கணக்கேட்டிலேதான் புலப்படும். மின்சாரமும் அத்தகையதே. மழை பொழிந்து விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பியிருக்கும் நாட்களில் நீர்வலு கைகொடுக்கும். வரட்சி நேர்ந்தால் நுரைச்சோலையின் நிலக்கரியை நாடு அதிகமாக நம்பவேண்டி வரும். யந்திரம் ஒன்றே, அதன் பின்னாலுள்ள புகை வேறு.

ஆகவே, காபன் கணக்கு என்பது எத்தனையோ சிறு குறிப்புகளின் கூட்டுத்தொகை. அக்குறிப்புகளைப் பின்னர் எவரும் திருத்தாமற் காப்பதற்கே பிளாக்செயின் என்னும் புதிய முறை பயன்படுமெனக் கூறுகின்றனர். இதனை ஏட்டுச் சங்கிலி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஊரிலே சீட்டுப் பிடிப்போர் பலர் கூடி, கணக்கை ஒருவரிடம் மட்டும் விடாமல் ஒவ்வொருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். அத்துடன் ஒவ்வொரு பக்கத்தின் முத்திரையும் அடுத்த பக்கத்திலே பதிக்கப்படுகிறது. பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் பின்வரும் முத்திரைகள் யாவும் பொருந்தாமற் போகும். திருத்தியவரின் குட்டு வெளிப்பட்டுவிடும். 2008இல் சத்தோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான கட்டுரையொன்று பிட்காயின் பணத்துக்காக இம்முறையை விளக்கியது.

அந்த ஏடே புகை கக்காதா என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! பிட்காயின் முறையில், அடுத்த பக்கத்தை எழுதும் உரிமைக்காகக் கணனிகள் இராப்பகலாகப் போட்டியிடுகின்றன. அதற்கு ஓராண்டில் செலவாகும் மின்சாரம் இலங்கை முழுவதும் பயன்படுத்துவதைப் பன்மடங்கு விஞ்சும். ஆனால் எல்லா ஏடுகளும் அவ்விதமானவையல்ல. எதீரியம் என்ற வலையமைப்பு 2022 செப்டெம்பரில் அப்போட்டியைக் கைவிட்டு வேறு முறையைக் கைக்கொண்டது. அதன் மின்செலவு 100க்கு 99 பங்குக்கும் மேலாகக் குறைந்தது. காபனைக் குறைக்க வந்த கருவி தானே காபனைப் பெருக்கலாகாது என்பதற்கு இது நல்ல பாடம்.

இம்முறையால் உண்மையான பயனும் உண்டு. அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் நறுக்கிய மாம்பழப் பொதியொன்று எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறிய முன்னர் ஏறத்தாழ ஏழு நாட்கள் எடுத்தது. இந்த ஏட்டைப் பரீட்சித்தபோது 2.2 விநாடிகளில் விடை கிடைத்தது. ஆனால், மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் 2018இல் அறிமுகப்படுத்திய டிரேட்லென்ஸ் என்னும் ஏடு, துறையிலுள்ள ஏனையோரின் முழுமையான ஒத்துழைப்பு கிட்டாமையால் கைவிடப்படுவதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. பலர் சேர்ந்து எழுத வேண்டிய ஏட்டைச் சிலர் மட்டும் எழுதி என்ன பயன்?

நிற்க. இவற்றினும் பெரிய கேள்வியொன்று எஞ்சி நிற்கிறது. எழுதியதை அழியாமற் காக்கும் ஏடு, எழுதப்பட்டது மெய்யா என்று அறியாது. காட்டு விறகை நட்ட மரத்து விறகென்று ஒருவர் எழுதினால், அப்பொய்யையும் அது அதே பக்தியோடு காப்பாற்றும்.

மலைநாட்டு மக்களுக்கு இவ்வுண்மையை நாம் விளக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் தராசின் முன் கூடையோடு நின்ற தாய்மார் அதனை நன்கறிவர். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்பட்ட கிலோக்கள் எத்தனை குடும்பங்களின் மாத முடிவைச் சுருக்கியிருக்கின்றன! கணக்கேட்டில் விழுந்த எண் ஒன்று, முதுகு சுமந்த பாரம் வேறொன்று. நாளை அந்தத் தவறான எண்ணையே அழியாத முத்திரையிட்டு உலகுக்குக் காட்டினால், பிழை பெருகுமேயன்றிக் குறையாது.

எனவே, சீர்திருத்தம் கணனியிலிருந்தன்று, தராசிலிருந்தே தொடங்க வேண்டும். நிறையைத் தொழிலாளி தன் கண்ணால் காணட்டும். நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியை விளைவிக்கும் சிறுதோட்ட உரிமையாளர் தம் கொழுந்தின் கணக்கைத் தம் கையிலேயே வைத்திருக்கட்டும். விறகு வந்த இடத்தைத் தொடர்பில்லாத ஒருவர் நேரில் சென்று பார்த்து ஒப்பமிடட்டும். அவ்வேடு தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்கத்தக்கதாக இருக்கட்டும். அதன் பின்னர் எந்தச் சங்கிலியால் பிணைத்தாலும் அது நன்மையே தரும்.

புகையைக் குறைப்பது நல்ல அடுப்பும், காய்ந்த விறகும், நட்டு வளர்த்த மரமுமே. ஏடு அவற்றுக்குச் சாட்சி மட்டுமே. தராசின் முன் நிற்பவள் வாசித்து ஒப்புக்கொள்ளும் கணக்கே உலகச் சந்தையிலும் தலைநிமிர்ந்து நிற்கும்.