நீச்சல் குளத்துக்கு ஓர் இரவு மழை

அமெரிக்காவின் அரிஜோனா மாகாணத்துப் பாலைவனத்தில் உள்ள பீனிக்ஸ் நகரில், 2023-ஆம் ஆண்டு ஜூன் 30 தொடங்கி ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாட்கள் பகல் உஷ்ணம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அத்தகைய கோடையில், வெயிலின் கொடுமையை ஆற்றுவதற்கென்றே வீட்டுக் கொல்லைகளில் கட்டப்பட்ட நீச்சல் குளங்கள் தாமே வெந்நீர் அண்டாக்களாக மாறி, உடல் குளிர வேண்டுமென்று இறங்கியவர் வியர்க்க வியர்க்கக் கரையேறும் விபரீதம் நேர்ந்துவிடுகிறது. இதற்கு அவ்வூரார் கையாளும் பரிகாரங்களுள் மிக எளியது, முழங்கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான பிளாஸ்டிக் குழாயும் அதன் தலையில் ஒரு தெளிப்பு முனையும் கொண்ட ‘ஏரேட்டர்’ என்னும் சாதனம்.

பொருத்தும் முறை

குளத்து நீரைப் பம்பு உறிஞ்சி வடிகட்டிக்குள் செலுத்துகிறது. வடிகட்டப்பட்ட நீர், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் பதித்த ‘ரிட்டர்ன்’ வாய்களின் வழியே குளத்துக்குத் திரும்புகிறது. அந்த வாய்களில், கண்விழி போல் எப்பக்கமும் திரும்பும் ஒரு குமிழைப் பொருத்தியிருப்பார்கள். பம்பை நிறுத்திவிட்டு, நீருக்குள் கையை விட்டு அக்குமிழை இடப்புறமாகத் திருகிக் கழற்றினால், பெரும்பாலும் ஒன்றரை அங்குல மரை விரலுக்குத் தட்டுப்படும். ஏரேட்டரின் அடிமுனையில் டெஃப்லான் டேப்பை மரை முறுகும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அதே வாயில் கையால் திருகிவிட்டால் வேலை முடிந்தது. கையின் பலம் போதாதென்று ரெஞ்சைப் போட்டு முறுக்குகிறவர், சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மரையை விண்டுபோகச் செய்து, ஐந்து நிமிஷ வேலையைச் சுவரை இடிக்கும் வேலையாக்கிக்கொள்ள நேரும். பம்பை மறுபடி ஓட்டியதும் வடிகட்டியின் மீதுள்ள பிரஷர் மீட்டரையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். முள் முன்னைவிட வெகுவாக ஏறியிருந்தால், நீர் வெளியேறப் போதிய வழியில்லை என்று பொருள். மற்ற ரிட்டர்ன்களைத் தாராளமாகத் திறந்துவிட வேண்டும்.

ஆவி கொண்டுபோகும் உஷ்ணம்

நீர்மட்டத்துக்கு மேலே விசிறி போல் விரிந்து துளிதுளியாக விழும் இந்தச் செயற்கை மழை எவ்வாறு குளத்தைக் குளிர்விக்கிறது என்பதற்கு, ஸ்காட்லாந்து ரசாயன மேதை ஜோசப் பிளாக் 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் விளக்கிய ‘உள்ளுறை வெப்பம்’ என்னும் தத்துவமே விடை. நீர் ஆவியாகும்போது, தெர்மாமீட்டரில் தென்படாத பெருமளவு உஷ்ணத்தைத் தன்னுள் ஒளித்துக்கொண்டு செல்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வேண்டும். ஆகவே 50,000 லிட்டர் கொள்ளும் குளத்தை ஒரு டிகிரி குளிரச் செய்ய, ஏறக்குறைய 86 லிட்டரை, அதாவது ஆறேழு குடம் நீரை, ஆகாயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தே தீரவேண்டும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும், பானையில் நீர் நாளுக்கு நாள் குறைவதற்கும் காரணம் ஒன்றே என்பதை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

ஆயினும் அந்தக் காணிக்கையை ஏற்கக் காற்றுக்கும் பசி இருக்க வேண்டும். உஷ்ணம் 40 டிகிரியும் ஈரப்பதம் 10 சதவீதமுமான பாலைவனக் காற்றில், விழும் துளி கோட்பாட்டளவில் 19 டிகிரி வரை குளிர இடமுண்டு. 30 டிகிரி உஷ்ணமும் 80 சதவீத ஈரமும் கொண்ட சென்னையின் கோடை இரவிலோ அந்த எல்லை 27 டிகிரியிலேயே நின்றுவிடுகிறது. பீனிக்ஸிலும் மழைக்காலத்தின் ஈரக்காற்று வந்து சேர்ந்தால் ஏரேட்டரின் வேகம் தளர்ந்துபோகிறது. வெயில் ஒருபுறம் சூடேற்றிக்கொண்டிருக்கையில் மறுபுறம் குளிர்விப்பது ஓட்டைப் பாத்திரத்தில் நீர் இறைப்பதை ஒக்குமாதலால், சூரியன் அஸ்தமித்த பின் திறந்து விடியற்காலையில் மூடுவதே அனுபவசாலிகளின் வழக்கம்.

காற்று கொண்டுபோகும் இன்னொன்று

மீன் குளத்தில் காற்றைக் கலப்பது பிராணவாயுவுக்காக என்பதால், நீச்சல் குளத்திலும் ஏரேட்டர் நீரைச் சுத்தி செய்யும் என்று எண்ணுவோர் உண்டு. கிருமிகளைக் கொல்வது குளோரினே. இந்த மழைக்கு அந்தச் சக்தி கிடையாது. அது நீரிலிருந்து வெளியேற்றுவது கரியமில வாயுவை. விசித்திரம் என்னவெனில், அவ்வாயுவை இனம் கண்டு, 1754-இல் எடின்பரோ சர்வகலாசாலையில் தம் மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வில் விவரித்தவரும் அதே ஜோசப் பிளாக்தான். சுண்ணாம்பு போன்ற பொருள்களுக்குள் சிக்குண்டு கிடந்தமையால் அதற்கு ‘நிலைப்பட்ட காற்று’ என்று அவர் பெயரிட்டார்.

இவ்வாயு நீங்கினால் நீரின் அமிலத்தன்மை குறைந்து பி.எச். அளவு ஏறும், பி.எச். ஏறினால் குளோரினின் வலிமை குன்றும். சயனூரிக் அமிலம் கலவாத நீரில், பி.எச். 7.5-இல் ஏறத்தாழப் பாதியாக இருக்கும் வீரியமுள்ள குளோரின், 8-இல் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆகையால் ஏரேட்டர் ஓடும் காலத்தில் நீரை அடிக்கடி சோதித்து, பி.எச். 7.8-ஐத் தாண்டாதபடி ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பது அவசியம். இதே தோஷத்தையே குணமாக்கிக்கொள்வதும் உண்டு: க்ஷாரத்தன்மை மிகுந்த நீரில் அமிலத்தை ஊற்றினால் க்ஷாரமும் பி.எச்.சும் சேர்ந்தே இறங்கும். பின் ஏரேட்டரை ஓட்டினால் பி.எச். மட்டும் ஏறும், க்ஷாரம் ஏறாது. மாறி மாறி இவ்வாறு செய்து, க்ஷாரத்தை வேண்டிய அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கொலராடோ நதியிலிருந்தும் சால்ட் நதியிலிருந்தும் பீனிக்ஸுக்கு வரும் நீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர். ஆவியாகும் நீர் அந்தச் சத்தை உடன்கொண்டு செல்வதில்லை. குளத்திலேயே விட்டுச் செல்கிறது. பி.எச். ஏறும்போது அது நீர்மட்டத்தை ஒட்டிய ஓடுகளின்மேல் வெண்ணிறக் கோடாகப் படிகிறது. அந்தக் கோட்டின்மேல் ஒரு சொட்டு அமிலம் பட்டால் நுரைத்துப் பொங்கும். நுரையாக வெளிப்படுவது பிளாக்கின் அந்த நிலைப்பட்ட காற்றேதான்: கரைந்திருந்த சுண்ணாம்பு பிரியும்போது அவ்வாயுவில் பாதி ஆகாயத்துக்குப் பறந்துபோக, மறுபாதி கல்லாகி ஓட்டில் குடியேறியிருந்தது.