செவிவழி ஆற்றுப்படை: ஜாஸ், செவ்வியல், பரிசோதனை இசைச் சுவைஞரிடையே பரிந்துரை செயற்படும் முறை

இசையாராய்ச்சி இதுகாறும் பெரும்பாலும் இசையை ஆக்கியோரையும் நிகழ்த்தியோரையும் மையமாகக் கொண்டே நடந்துவந்துள்ளது. கேட்போர் அதில் ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்களே. ஆயினும் ஒருவர் தாம் அறியாத இசையொன்றை முதன்முதலில் கேட்கத் தலைப்படுவதற்குப் பெரிதும் காரணமாவது இன்னொரு கேட்போரின் சொல். ‘இதனைக் கேட்டுப் பாருங்கள்’ என்னும் அச்சிறு சொல்லாடலையே நாம் பரிந்துரை என்கிறோம். பரிந்து உரைத்தல் என விரித்துப் பார்த்தால் அன்பும் வாதமும் ஒருங்கே அதில் அமைந்திருப்பது விளங்கும். தாம் நயந்த ஒன்றிற்காகப் பிறர் முன் நின்று பேசுவது அது. ஒரே இசைவகைக்குள் இது எளிய செயல். ஜாஸ் கேட்பவர் செவ்வியல் இசை கேட்பவரிடமும், அவ்விருவரும் பரிசோதனை இசை கேட்பவரிடமும் பேச நேர்கையில்தான் இதன் உள்ளமைப்பு வெளிப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் பாரிசு, ஜப்பான், அமெரிக்கா ஆகிய இடங்களில் இது செயற்பட்ட முறையை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஆற்றுப்படை தரும் அளவுகோல்

இவ்விளக்கத்திற்கு வேண்டிய அளவுகோலை நாம் வெளியே தேடவேண்டியதில்லை. பரிசில் பெற்று மீளும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிர்வரும் கலைஞர்க்குத் தாம் பெற்ற வளத்தைக் கூறி, அங்குச் சென்று பெறுமாறு நெறிப்படுத்துவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் பாடாண்திணையின் துறையாக வகுக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. இங்கு நாம் கருதத்தக்கது, வழிப்படுத்துவோர் புகழ்ச்சியோடு நின்றுவிடுவதில்லை என்பதே. 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் நன்னனது கொடையைச் சொல்வதற்கு முன்னரே வழியின் இடர்களை நெடிது விரிக்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள், பாசி படர்ந்து வழுக்கும் இடங்கள் எனக் கூத்தர்க்கு வேண்டிய எச்சரிக்கைகள் அதில் உண்டு. சென்று மீண்டவர்க்கே வழுக்குமிடம் தெரியும். பரிந்துரைப்போரின் தகுதியும் அதுவே.

ஒப்புமையின் எல்லையையும் உடனே சொல்லிவிட வேண்டும். பாணன் பாணனை ஆற்றுப்படுத்துகையில் இருவர்க்கும் யாழும் பண்ணும் பொது. இசைவகை கடந்த பரிந்துரையில் அப்பொதுமை இல்லை. ஒருவரது கலைச்சொல் மற்றவர்க்கு வெற்றொலி. அங்கே பரிந்துரைப்போர் எதைக்கொண்டு வழி சொல்கிறார் என்பதே நம் வினா.

பெயர்ப்பட்டியலின் ஆட்சி

1932இல் பாரிசில் தோன்றிய ஹாட் கிளப் தி பிரான்சு என்னும் சங்கம் ஜாஸ் சுவைஞர்களின் கூட்டம். உக் பனாசியே, சார்ல் டெலோனே என்னும் இருவர் அதன் தூண்கள். அட்லாண்டிக்கிற்கு அப்பால் நிகழ்ந்த இசை அவர்களை எட்டியது பெரும்பாலும் இசைத்தட்டு வடிவில்தான். பனாசியே 1934இல் ஜாஸ் பற்றிய நூலை வெளியிட்டார். டெலோனே 1936இல் தட்டுகளின் அட்டவணையை நூலாக்கினார். எந்தத் தட்டில் யார் யார் வாசித்தனர், எப்போது பதிவாயிற்று, அச்செண் யாது என்னும் செய்திகளின் தொகுப்பு அது. நம் ஏட்டுச்சுவடி அட்டவணைகளை அறிந்தோர்க்கு அதன் உழைப்பு எளிதிற் புலப்படும். தட்டின் முகப்பில் குழுத்தலைவர் பெயர் மட்டுமே இருக்க, உள்ளே வாசித்த எக்காள இசைஞர் யாரெனச் செவியாற் கண்டறிந்து எழுதியவர்கள் சுவைஞர்களே.

ஆயின் பட்டியல் வழிகாட்டும்போதே வேலியும் ஆகிறது. தாம் தொடக்கத்தில் வெள்ளை இசைஞரின் தட்டுகள் வாயிலாகவே ஜாசை அறிந்தமையால் கறுப்பின இசைஞரின் தலைமையிடத்தைச் சரிவர உணரவில்லை என்பதைப் பனாசியேயே தம் 1942ஆம் ஆண்டு நூலில் ஒப்புக்கொண்டார். அத்தகு நேர்மை உடையவரே, போருக்குப் பின் சார்லி பார்க்கர், டிசி கில்லெஸ்பி ஆகியோரின் பீபாப் இசை வந்தபோது அதனை ஜாசே அன்று என மறுத்தார். டெலோனே அதனை வரவேற்றார். 1947இல் சங்கம் பிளவுற்றது. பரிந்துரைக்கும் உரிமை எது இசை என வரையறுக்கும் உரிமையாக மாறும் இடம் இது. தமிழிசை விவாதங்களின் வரலாறு அறிந்தோர் இதில் வியப்படையமாட்டார்.

பெயர் செவியை எவ்வளவு ஆளுகிறது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. லியோனர்டு ஃபெதர் என்னும் திறனாய்வாளர் 1940களில் தொடங்கிய ‘கண்கட்டுச் சோதனை’யில், வாசித்தவர் யாரெனச் சொல்லாமல் இசைஞர்களுக்கே தட்டுகள் இசைக்கப்பட்டன. எக்காள மேதை ராய் எல்ட்ரிட்ஜ், வாசிப்பவர் கறுப்பரா வெள்ளையரா எனத் தம்மால் செவியாலேயே அறிய இயலும் என்று பந்தயம் கட்டி, 1951இல் அச்சோதனைக்கு உட்பட்டார், தோற்றார்.

ஜப்பானியக் கேள்விக்கூடங்கள்

பெயரைவிடக் கேள்வியை முன்னிறுத்திய ஓர் அமைப்பை ஜப்பானில் காண்கிறோம். தோக்கியோ ஷிபுயா பகுதியில் 1926இல் ‘லயன்’ என்னும் காப்பிக்கடை தொடங்கப்பட்டது. இசைத்தட்டில் செவ்வியல் இசை கேட்பதற்கென்றே மக்கள் சென்ற கடை அது. இவ்வகைக் கடைகள் மெய்க்யோக்கு கிஸ்ஸா எனப்பட்டன. போர்க்காலக் குண்டுவீச்சில் எரிந்து, 1950இல் மீண்டும் எழுந்தது. அங்கே இருக்கைகள் ஒன்றையொன்று நோக்கியிராமல் கோயிற் சந்நிதியை நோக்குவதுபோல் மாபெரும் ஒலிபெருக்கியை நோக்கியிருக்கும். உரத்துப் பேசுதல் தகாது. குறித்த நேரங்களில் முழுக் கச்சேரிபோல் அமைந்த நிகழ்ச்சியும், பிற நேரங்களில் கேட்போர் விரும்பும் தட்டும் ஒலிக்கும்.

ஜாசுக்கும் இத்தகைய கூடங்கள் எழுந்தன. யோஷிதா மமோரு என்பவர் 1933இல் யோகோஹாமாவில் தொடங்கிய ‘சிகுசா’ அவற்றுள் புகழ்பெற்றது. 1943 சனவரியில் ஜப்பானிய அரசு அமெரிக்க, பிரித்தானிய இசையை எதிரியின் இசையென விலக்கி, ஏறத்தாழ ஆயிரம் பாடல்களின் பட்டியலையே வெளியிட்டது. 1945ஆம் ஆண்டு வான்தாக்குதலில் சிகுசா தன் தட்டுகளோடு அழிந்தது. போருக்குப் பின் அது மீண்டும் திறக்கப்பட்டபோது, வெளிநாட்டுத் தட்டு ஒன்றின் விலை இளைஞர் ஒருவரின் மாத வருவாயில் கணிசமான பங்காக இருந்தது. ஒரு கோப்பைக் காப்பியின் விலையில் அத்தட்டைக் கேட்க வழிசெய்தவை இக்கூடங்களே. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பியானோக் கலைஞர் தோஷிகோ அக்கியோஷியும் சாக்சபோன் கலைஞர் சதாவோ வதனாபேயும் சிகுசாவின் தட்டுகளைக் கேட்டே பயின்றவர்கள்.

இக்கூடங்களில் பரிந்துரை நிகழ்ந்த முறை தனியே நோக்கத்தக்கது. விரும்பும் தட்டின் பெயரைச் சீட்டில் எழுதித் தருவது வழக்கம். உரிமையாளர் அதனை ஏற்றாலும், எப்போது, எதற்குப் பின் ஒலிக்கச்செய்வது என்பதை அவரே முடிவு செய்வார். பெரும்பாலும் நெடுநேரத் தட்டின் ஒரு பக்கம் முழுதும் ஒலிக்கும். நடுவில் நிறுத்துதல் இல்லை. ஒலிக்கும் தட்டின் உறை எல்லாரும் காணுமாறு ஒரு தாங்கியில் வைக்கப்படும். விளக்கவுரை எதுவும் இல்லை. ஒருவர் கேட்ட தட்டை அங்கிருக்கும் எல்லாரும் கேட்டாக வேண்டும். பிடிக்காதவரும் இருபது நிமிடம் பொறுத்திருக்கிறார். அப்பொறுமையில் சிலவேளை செவி திறக்கிறது. சொல்லின்றி நிகழும் பரிந்துரை இது. வரிசைமுறையே அதன் மொழி. ஒன்றின் பின் ஒன்றாக வைக்கப்படுகையில் இரண்டு தட்டுகள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. எட்டுத்தொகை நூல்களைத் தொகுத்தோரும் இவ்வுண்மையை அறிந்தவர்களே எனக் கருதலாம்.

எழுத்தாளர் ஹருகி முரகாமி 1974 முதல் சில ஆண்டுகள் ‘பீட்டர் கேட்’ என்னும் ஜாஸ் கூடத்தை நடத்தியவர். பிற்காலத்தில் செவ்வியல் இசை நடத்துநர் செய்ஜி ஒசாவாவோடு இசைத்தட்டுகளைக் கேட்டபடியே நிகழ்த்திய உரையாடல்களை நூலாக்கினார். தம்மினும் மிகுதி அறிந்த கலைஞரிடம் சுவைஞர் ஒருவர் தட்டுகளை எடுத்துவைத்துக் கருத்துக் கேட்கும் அந்நூலின் அமைப்பு, கூடத்தின் பழக்கத்தை ஏட்டில் தொடர்வதாகவே தோன்றுகிறது.

பரிசோதனை இசைக்கு வழி பெரும்பாலும் தனிமனிதர் வழியாகவே திறந்தது. இசையமைப்பாளர் தோரு தகெமிட்சு போர்க்காலத்தில் பதினான்கு வயதில் கட்டாயப் பணிக்கு அனுப்பப்பட்டவர். விலக்கப்பட்டிருந்த மேலை இசையை, படையதிகாரி ஒருவர் இரகசியமாக ஒலிக்கச்செய்த பிரெஞ்சுப் பாடல் வழியே கேட்டதுதான் தம் இசைவாழ்வின் தொடக்கமென அவர் கூறியுள்ளார். 1961இல் அமெரிக்காவிலிருந்து மீண்ட தோஷி இச்சியனாகி, ஜான் கேஜின் படைப்பை ஜப்பானில் நிகழ்த்தினார். மறு ஆண்டில் கேஜே வந்தார். கேஜின் நட்பு, தாம் அதுவரை புறந்தள்ளிவந்த ஜப்பானிய மரபிசையின் மதிப்பை உணரச் செய்தது எனத் தகெமிட்சு நன்றியோடு குறித்தார். 1967இல் அவர் பீவா, ஷாக்குஹாச்சி என்னும் மரபுக் கருவிகளை மேலை இசைக்குழுவோடு நிறுத்தி ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’ இயற்றினார். பிறநாட்டு இசைக்கு ஆற்றுப்படுத்தப்பட்டவர் தம் வீட்டு வாயிலையே வந்தடைந்தார்.

இகழ்ச்சியும் வழிகாட்டும்

பரிந்துரை என்றால் புகழ்ச்சி என்று கொள்வதற்கு இடமில்லை. ஃபிராங்க் சப்பா சிறுவராயிருந்தபோது அமெரிக்க இதழ் ஒன்றில், எதையும் விற்றுவிடும் திறமையுள்ள இசைத்தட்டு வணிகர் பற்றிய கட்டுரையைப் படித்தார். எட்கார் வரேசின் தட்டைப்போன்ற கேட்கத்தகாத ஒன்றைக்கூட அவர் விற்றார் என்பது அக்கட்டுரையின் புகழுரை. தாள இரைச்சல் நிறைந்த கொடிய இசை என்னும் அவ்வருணனையே சிறுவரை ஈர்த்தது. ஓராண்டுக்கு மேல் தேடி அத்தட்டைக் கண்டு வாங்கினார். தம் பதினைந்தாம் பிறந்தநாள் பரிசாக வரேசின் இல்லத்திற்குத் தொலைபேசியில் பேச இசைவு பெற்றார். 1971இல் அவரே இதனை எழுதியுள்ளார்.

இந்நிகழ்ச்சி நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. மதிப்பீட்டுச் சொற்கள் ஆளுக்கு ஆள் திரியும், வருணனை திரிவதில்லை. ‘அருமையான இசை’ என்பது சொல்பவரைப் பற்றிய செய்தி. ‘பெரும்பாலும் தாளக்கருவிகளே ஒலிக்கின்றன’ என்பது இசையைப் பற்றிய செய்தி. வகை கடந்த பரிந்துரையில் பின்னதே பயன்படுகிறது. வஞ்சப்புகழ்ச்சியணியை நம் அணிநூல்கள் கவியின் நோக்கமாகக் கொண்டு விளக்கும். இங்கோ எழுதியவர் நோக்கம் இகழ்வதே. படித்தவர் செவிதான் அதனைப் புகழ்ச்சியாக்கிக்கொண்டது.

ஒப்புமை என்னும் பாலம்

கலைச்சொல் பொதுவாக இல்லாத இடத்தில் பரிந்துரைப்போர் பற்றும் மற்றொரு கருவி ஒப்புமை. ஸ்டீவ் ரைஷ் 1960களின் தொடக்கத்தில் மில்ஸ் கல்லூரியில் லூசியானோ பெரியோவிடம் மேலை இசையமைப்புப் பயின்றார். இரவில் ஜான் கோல்ட்ரேனின் ஜாசைக் கேட்கச் சென்றார். கோல்ட்ரேன் 1961இல் பதிவுசெய்த ‘ஆப்பிரிக்கா’ ஏறத்தாழ 16 நிமிடம் பெரும்பகுதியும் ஒரே சுரத்தளத்தின் மீதே நிற்பது தம்மைக் கவர்ந்ததென ரைஷ் பலமுறை சொல்லியுள்ளார். ஆகவே கோல்ட்ரேனை விரும்புவோர்க்கு ரைஷின் 1971ஆம் ஆண்டுப் படைப்பான ‘டிரம்மிங்’கைக் காட்டுவோர், இசைஞர் தாமே நடந்த தடத்தைத்தான் காட்டுகின்றனர். அதில் வழுக்குமிடமும் உண்டு. கோல்ட்ரேனிடம் நிலைத்த தளத்தின்மேல் தனிக்குரல் பொங்கி எழுகிறது. ரைஷிடம் அத்தனிக்குரலே இல்லை. அதை முன்னரே சொல்லாத பரிந்துரை கேட்போரை ஏமாற்றும்.

கலைஞர் ஒருவரே பாலமாவதும் உண்டு. மியூனிக்கில் 1969இல் தொடங்கிய இசிஎம் நிறுவனம் ஜாசுக்குப் பெயர்பெற்றது. எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் இசையை அதன் தலைவர் மான்ஃபிரெட் ஐஷர் காரில் செல்கையில் வானொலியில் தற்செயலாகக் கேட்டார். 1984இல் ‘தபுலா ராசா’ என்னும் தட்டால் செவ்வியல், புதிய இசைக்கான தனிவரிசை தொடங்கிற்று. அத்தட்டில் ‘ஃபிராட்ரெஸ்’ என்னும் படைப்பைக் கிடோன் கிரெமர் வயலினில் வாசிக்க, பியானோ வாசித்தவர் ஜாஸ் கலைஞர் கீத் ஜாரெட். 1975இல் கொலோன் நகரில் முழுக்க மனோதர்மமாக அவர் வாசித்த கச்சேரியின் தட்டை விரும்பியோர், அவர் பெயரைத் தொடர்ந்து பேர்ட்டிடம் வந்துசேர இத்தட்டு வழிவகுத்தது.

தமிழில் எழுதுவோர்க்கு ஒப்புமைச் சொற்கள் இன்னும் எளிதாகக் கைவரும். அந்த எளிமையில்தான் இடரும் இருக்கிறது. ஜாசின் உடனடிப் புனைவை மேலே ‘மனோதர்மம்’ என்றே குறித்தோம். வாசகர் உடனே பொருள் கொள்வார். எனினும் வழக்கமான ஜாசில் கலைஞர் புனைவது, பெரும்பாலும் 12 அல்லது 32 அளவுகளில் சுழன்றுவரும் சுரக்கூட்டுகளின் வரிசையை ஒட்டியே. அக்கூட்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். இராக ஆலாபனையில் மாறாதிருக்கும் ஆதாரமே அங்கு இல்லை. ‘ஃபிராட்ரெஸ்’ இதற்கு நேர்மாறானது. அதே தட்டில் உள்ள 12 செல்லோக்களுக்கான வடிவத்தில் அடியில் இரு சுரங்கள் நமது சட்சம், பஞ்சமம் போன்ற இடைவெளியில் நிலைத்து ஒலிக்கின்றன. தம்புராவிற் பழகிய செவி உடனே அங்கு வீடு கண்டுவிடும். ஆனால் மேலே செல்லும் இசை இராகமாக விரியாது. கணக்கிட்ட ஓர் ஒழுங்கில் அதே வடிவம் ஒவ்வொரு முறையும் வேறொரு நிலையில் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு வருகைக்கும் இடையே சிறு தட்டல் மட்டும் கேட்கும். ஆலாபனையை எதிர்பார்த்து அமர்பவர் மூன்றாம் சுற்றிலேயே எழுந்துவிடக்கூடும். அத்தட்டலை எண்ணிக்கொண்டு கேட்குமாறு அவரிடம் முன்னரே சொல்லிவைப்பது நலம்.