நைட்டி ஊரின் மேசைச் சாமான்கள்

ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கும் தளவாய்புரம் நைட்டிக்குப் பேர் போன ஊர். பீஸ் கணக்கில் கூலி வாங்கித் தைப்பவர்கள் உட்காரும் பவர் மிஷினின் மேசைக்கு அடியில், வலது முழங்காலுக்கு நேராக ஒரு சின்னத் தகடு இருக்கும். முழங்காலால் அதை வலப்பக்கம் தள்ளினால், துணியை அமுக்கிப் பிடித்திருக்கும் பாதம் மேலே எழும்பும். இரண்டு கையும் துணியை விட வேண்டியதில்லை. கையால் தூக்கி இறக்கினாலும் ஒன்றிரண்டு விநாடிதான் ஆகும். ஆனால் கழுத்து, கை, பக்கத் தையல், கீழ்மடிப்பு என்று ஒவ்வொரு நைட்டிக்கும் அது எத்தனை முறை வரும்! பீஸ் கூலிக்காரருக்கு அந்த விநாடிகள்தான் காசு.

வீட்டு மேசைக்கு என்று கடையில் விற்கும் சாமான்களை மதிப்பிட இந்தத் தகட்டைவிட நல்ல அளவுகோல் கிடையாது. நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் ஓர் அசைவையோ வலியையோ குறைக்கிறதா? குறைத்தால் வாங்கலாம். வண்ணப் பேனா ஸ்டாண்டும், ஒளிரும் மவுஸ் பேடும் இதில் தேறுவதில்லை. வாங்கிய மறுநாள் மனசு குளிரும், அவ்வளவுதான்.

இப்படிப் பார்த்தால் முதல் இடம் லேப்டாப் ஸ்டாண்டுக்கு. லேப்டாப்பின் கோளாறு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருந்தால்தான் கழுத்துக்கு நிம்மதி. விசைப்பலகை முழங்கை மட்டத்தில் இருந்தால்தான் தோளுக்கு நிம்மதி. இரண்டும் ஒரே கீலில் மாட்டியிருக்கும்போது ஏதாவது ஒன்று தோற்றே ஆக வேண்டும். பெரும்பாலும் கழுத்துதான் தோற்கும். மனிதத் தலை ஐந்து கிலோ அளவுக்கு எடை கொண்டது. அது முன்னால் சாயச் சாய, கழுத்துத் தசை தாங்கும் சுமை பல மடங்காகும். 1981-இல் வந்த ஐபிஎம் கணினியில் விசைப்பலகை திரையிலிருந்து விலகித் தனியாக, நீண்ட கம்பியோடு இருந்தது. லேப்டாப் அந்த இரண்டையும் மறுபடி ஒட்டிவிட்டது. அதனால் ஸ்டாண்டு வாங்கினால் தனி விசைப்பலகையும் மவுஸும் சேர்ந்தே வர வேண்டும். வெறும் ஸ்டாண்டு மட்டும் வைத்தால் வலி கழுத்திலிருந்து தோளுக்கு இடம் மாறும். ஸ்டாண்டுக்குப் பதில் பழைய தடிப் புத்தகங்களை அடுக்கினாலும் போதும், திரை அதைக் கண்டுகொள்ளாது.

நம் மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இது தட்டச்சுக்கு அதிகம். நாற்காலியை ஏற்றினால் கை சரியாகும், கால் அந்தரத்தில் தொங்கும். காலுக்கடியில் ஒரு மணைப்பலகை போட்டால் கணக்குத் தீர்ந்தது. கடையில் இதையே ஃபுட் ரெஸ்ட் என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

விளக்கு விஷயத்தில் தையல்காரர்கள் முன்னோடிகள். மிஷினில் காந்தத்தால் ஒட்டும் குட்டி எல்இடி விளக்கை ஊசிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள். சிறிய விளக்கின் தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். அதனால்தான் கூரைக் குழல்விளக்கு செய்யாததை ஒரு சின்ன பல்பு செய்கிறது. எழுதும் மேசையில் வலக்கைக்காரர் விளக்கை இடப்பக்கம் வைத்தால் கையின் நிழல் தாளில் விழாது. ஜன்னலும் லேப்டாப் திரைக்குப் பின்னாலோ முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருப்பது நல்லது.

தைத்ததை வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்புகிறவரின் மேசையில் இன்னொன்றும் வேண்டும்: லேபிள் அடிக்கும் தெர்மல் பிரிண்டர். இதில் மையே கிடையாது. வெப்பம் பட்டால் கறுக்கும் வேதிப்பூச்சு தாளிலேயே இருக்கிறது. பிரிண்டர் தலையில் மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளி வீதம் வரிசையாக இருக்கும் நுண்ணிய சூடேற்றிகள் தேவையான இடத்தில் மட்டும் சுடும். இங்க்ஜெட் போலச் சில வாரம் சும்மா கிடந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை. முகவரியைக் கையால் எழுதி, வெட்டி, டேப் ஒட்டும் வேலை ஒவ்வொரு பார்சலுக்கும் மிச்சம். ஆனால் லேபிள் சுருளை வெயில் விழும் அலமாரியில் வைத்தால் அடிக்காமலே கறுத்துப்போகும்.

கரண்ட் போனால் லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும், நின்றுபோவது இணையம்தான். ரூட்டர் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும் சின்னப் பெட்டி, பத்து வாட் வரைதான் தின்னும். அதற்கென்றே உள்ளங்கை அளவில் மினி யுபிஎஸ் வருகிறது. உள்ளே 10,000 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி என்றால், 3.7 வோல்ட்டில் பெருக்கிப் பார்க்க 37 வாட்-மணி. சேதாரம் போக மூன்று மணி நேரம் ஓடலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையில் நிறுத்தி மாலையில் கொடுக்கும் நாளுக்கு இது காணாது. அன்றைக்குப் பெரிய இன்வெர்ட்டர்தான் கதி. வாங்குமுன் இணைய இணைப்பு கொடுத்தவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: தெருவில் உள்ள பெட்டிக்குக் கரண்ட் வேண்டுமா? கண்ணாடி இழையை வெறுமனே பிரித்துக் கொடுக்கும் பெட்டி என்றால் மின்சாரம் தேவையில்லை, உங்கள் யுபிஎஸ் வேலை செய்யும். கம்பத்தில் சுவிட்ச் மாட்டியிருந்தால், தெருவோடு சேர்ந்து அதுவும் படுத்துவிடும். அப்போது ரூட்டர் மட்டும் பச்சை விளக்கோடு சும்மா எரிந்துகொண்டிருக்கும், நீங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட வேண்டியதுதான்.