கோல்ஃப் ஆட்டத்தில் ஹேண்டிகேப்

சென்ற கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோலார் தங்கவயலில் உள்ள ஸ்கெலட்டன் என் ஊர். பெயரைக் கேட்டதும் "எலும்புக்கூடா?" என்று நகைக்கும் நண்பர்கள் இந்தப் பல்கலைக்கழகத்தில் பலர் உண்டு. நகைக்கட்டும். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின் அங்கே எஞ்சியிருப்பதைப் பார்த்தால் பெயர் அப்படியொன்றும் பொருந்தாததன்று.

வாசலில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்த தாத்தாவிடம், ஸ்காட்லாந்தில் நான் கோல்ஃப் ஆடுவதையும், ஒரு கிளப்பில் சேர்ந்து ஹேண்டிகேப் பெற்றிருப்பதையும் சொன்னேன். அவர் வியக்கவில்லை.

"எத்தினி?" என்றார்.

"இருபத்தாறு புள்ளி பூஜ்யம், தாத்தா."

"புள்ளி என்னாத்துக்குடா? அந்தக் காலத்துல துரைங்களுக்கெல்லாம் முழு நம்பர்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1955-இல், பன்னிரண்டு வயதில், ஞாயிறுதோறும் துரைமாரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திடல் முழுதும் நடந்தவர் அவர். கூலி நாலணா. எந்தத் துரைக்கு என்ன எண், எவர் அடியை மறைத்து எண்ணுவார் என்பதெல்லாம் பை தூக்கும் பையன்களுக்கு மனப்பாடம். அவர்களுள் ஒருவனுக்கும் எண் கிடையாது. அந்த ஆண்டில்தான் இந்தியக் கோல்ஃப் யூனியனும் தோன்றியது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

நம் மாணவர் பலருக்கு இந்த எண் யாதென்றே தெரியாது. ஆட்டமே பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஊரில் அது பெரும்பாலும் உண்மை. இங்கேயோ நகராட்சித் திடல்கள் உண்டு, மாணவர் சந்தா உண்டு. ஆகவே, அறிந்ததைச் சொல்லுகிறேன்.

ஓட்டப் பந்தயத்தில் சிறுவனைப் பத்தடி முன்னே நிறுத்திப் பெரியவனைப் பின்னே நிறுத்துவதில்லையா? அதுவே ஹேண்டிகேப். ஒரு திடலில் தேர்ந்தவர் 70 அடியில் பதினெட்டுக் குழிகளையும் முடிக்கிறார், எனக்கு 100 அடி ஆகிறது என்றால், எனக்கு 30 கழித்துவிட்டு ஒப்பிடுவார்கள். அப்போது இருவர் ஆட்டமும் உண்மையான போட்டியாகிவிடுகிறது. கிரிக்கெட்டில் தேர்ந்த ஆட்டக்காரரோடு நான் ஆடினால் அது வேடிக்கை. கோல்ஃபில் அது பந்தயம்.

இந்தக் கணக்கைச் சீராக நடத்திக் காட்டியவர்கள் பெண்கள். 1893-இல் பிரிட்டனில் தோன்றிய பெண்கள் கோல்ஃப் யூனியனின் செயலாளர் இசெட் பியர்சன், நாடெங்கும் உள்ள கிளப்புகளுக்கு ஒரே அளவுகோலை வகுத்தார். ஆண்களின் கிளப்புகள் அப்போது ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தன. உலகில் ஆறு வேறு முறைகள் வழங்கிவந்த நிலை மாறி, 2020-இல்தான் ஒரே உலக முறை வந்தது.

எண் பெறுவது எப்படி? முதலில் ஒரு கிளப்பில் சேர வேண்டும். கிளப் என்றால் மாளிகையும் மதுக்கூடமும் வேண்டுமென்பதில்லை. சொந்தத் திடலே இல்லாத கிளப்புகளும் உண்டு. நாட்டின் கோல்ஃப் சங்கத்தோடு அது இணைந்திருக்க வேண்டும். ஹேண்டிகேப் குழு ஒன்று அதற்கு இருக்க வேண்டும். பிறகு, மொத்தம் 54 குழிகள் ஆடிய கணக்கைக் கொடுக்க வேண்டும். மூன்று முழு ஆட்டமாகவும் இருக்கலாம், ஒன்பது ஒன்பதாக ஆறு ஆட்டமாகவும் இருக்கலாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உடன் ஆடியவர் ஒருவர் சான்று தரவேண்டும். தனியே ஆடிவிட்டு வந்து சொல்லும் கணக்கு செல்லாது. நாம் ஆய்வுக் கட்டுரையைச் சக ஆய்வாளர் பார்வைக்கு அனுப்புகிறோமே, அதே கதைதான்.

என் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நான் ஆடும் திடலின் நிலையளவு 70 அடி. தேர்ந்த ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்பதை அளந்து 68.4 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதோடு சரிவு எண் என்று ஒன்றும் உண்டு. நிலம் சரிவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தேர்ந்தவனைவிட என்னைப் போன்றவனை அந்தத் திடல் எவ்வளவு அதிகம் வதைக்கும் என்பதன் அளவு அது. டீன் நூத் என்ற அமெரிக்கர் வகுத்த வழி. 55 முதல் 155 வரை போகும்; நடுநிலை 113. என் திடலுக்கு 120.

என் முதல் மூன்று ஆட்டங்கள் 112, 108, 115. சிறந்தது 108. அதில் 68.4-ஐக் கழித்தால் 39.6. அதை 113-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 37.3. மூன்றே ஆட்டம் உள்ளவனுக்கு அந்தச் சிறந்த ஒன்றை எடுத்து, அதிலும் 2 குறைப்பார்கள். ஆக 35.3. இது நான் எங்கே போனாலும் என்னோடு வரும் எண். திடலுக்குப் போனதும் அதை அந்தத் திடலின் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். என் திடலில் அது 36 ஆயிற்று. அதாவது குழிக்கு இரண்டு அடி சலுகை! வெட்கப்படவில்லை. உலக முறையில் 54 வரை இடமுண்டு.

ஒரே குழியில் பதினைந்து அடி அடித்துக் கணக்கைக் கெடுத்துக்கொண்டால் என்ன செய்வது? அதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். குழியின் நிலையளவு, அதன்மேல் இரண்டு, அதன்மேல் அந்தக் குழியில் எனக்குரிய சலுகை. அதற்கு மேல் போனதை எண்ணுவதில்லை. நான்கடிக் குழியில் எனக்கு எட்டோடு சரி.

பெற்றபின் பேணுவதுதான் பெரும்பாடு. ஆட்டங்கள் சேரச் சேர, கடைசி இருபதில் சிறந்த எட்டின் சராசரியே நம் எண். அறிவியல் மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். இது நம் சராசரி ஆட்டம் அன்று. நல்ல நாளில் நம்மால் என்ன முடியும் என்பதன் அளவு. ஆகையால் பெரும்பாலான நாட்களில் நம் எண்ணுக்கேற்ப நாம் ஆடவே மாட்டோம். மனம் தளர வேண்டியதில்லை, கணக்கே அப்படித்தான். ஆட்டம் சரிந்தாலும் எண் மளமளவென்று ஏறிவிடாது. கடந்த 365 நாட்களில் எட்டிய மிகக் குறைந்த எண்ணைவிட 3 கூடியதும் ஏற்றம் பாதியாகும். 5 கூடினால் கதவை அடைத்துவிடுவார்கள். ஸ்காட்லாந்துக் காற்று எல்லாரையும் ஒருசேரப் புரட்டிய நாளாக இருந்தால், அன்றைய ஆட்டங்களைப் பார்த்துக் கணிப்பொறியே சிறிது தள்ளுபடி தரும்.

நல்ல ஆட்டமோ கெட்ட ஆட்டமோ, கணக்கில் சேரத்தக்க ஒவ்வொன்றையும் கொடுத்துவிட வேண்டும் என்பதே இதில் உயிரான விதி. கெட்டதை மறைப்பவன் பெருமைக்காரன். குறைந்த எண்ணைக் காட்டிப் பந்தயத்தில் தோற்பான். நல்லதை மறைப்பவன் அவனினும் கேடு. கூடிய எண்ணோடு வந்து பிறர் கோப்பையைக் கொண்டுபோவான்.

இதை உபதேசமாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மாணவர் கோப்பைப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில், 29.8 எண்ணுடைய நான் ஒரு நாள் 91 ஆடிவிட்டேன். எங்கிருந்து வந்ததோ அந்தக் கை! ஆடுமுன்பே பெயரைப் பதிந்திருந்தேன். ஆடியபின் கணக்கைக் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் கிளப் செயலாளரிடமிருந்து கடிதம்: "தங்கள் ஆட்டக் கணக்கு வரவில்லையே?" பதிந்துவிட்டுக் கொடுக்காதவனுக்குத் தண்டனைக் கணக்கு எழுதக் குழுவுக்கு உரிமை உண்டு. அன்றிரவே கொடுத்தேன். எண்ணைவிட 7-க்குக் குறையாமல் சிறப்பாக ஆடினால் தனியே 1 குறைப்பார்கள், 10 என்றால் 2. என் ஆட்டம் 8.5 கீழே இருந்தது. மறுநாள் காலையில் என் எண் 26.0. திடல் கணக்கில் நான்கு அடி போயிற்று. போட்டியில் பதினோராம் இடம்.

இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"எங்க ஆளுங்களும் அதான் செய்வாங்க. புதருக்குள்ள போய் ரெண்டு அடிச்சிட்டு ஒண்ணுன்னுவாங்க. நாம பேசக்கூடாது, பையத் தூக்கிட்டு நிக்கணும். நீ ஏண்டா அப்படி?"

எனக்குப் பதில் வரவில்லை. பேச்சை மாற்ற, பை தூக்கியே உயர்ந்தவர்களைச் சொன்னேன். டெல்லியில் அப்படித் தொடங்கிய அலி ஷேர் 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். பெங்களூரின் சின்னசாமி முனியப்பா 2009-இல் வென்றார். தொழில்முறை ஆட்டக்காரராகிவிட்ட அவர்களுக்கு இந்தச் சலுகை எண் தேவையே இல்லை. தாத்தா தலையசைத்தார். பிறகு, துரைமார் இல்லாத நாளில், தலை உடைந்து ஒட்டுப்போட்ட ஒரே மட்டையை வைத்துக்கொண்டு நான்கு பையன்கள் மாறிமாறி ஆடியதையும், தாம் ஒருமுறை ஒன்பது குழியை 47 அடியில் முடித்ததையும் சொன்னார்.

"அதுக்கு என்னா நம்பர் வரும்?"

"ஒன்பது குழி போதாது தாத்தா. 54 வேணும். கூட ஆடினவர் சாட்சியும் வேணும்."

"சாட்சி மூணு பேர் இருந்தாங்க. கிளப்புதான் இல்ல" என்று சொல்லிவிட்டு, சயனைடு மேட்டின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்தில் 2021 முதல், கிளப்பில் சேராதவர்களும் நாட்டுச் சங்கத்தின் வழியாக நேரே எண் பெறலாம். ஊரில் இன்றும் இணைந்த கிளப் ஒன்றின் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த வாசலின் கட்டணத்தை எண்ணிப் பார்த்தால் என் உதவித்தொகை நாணுகிறது.

நம் சங்கத்து அன்பர்களில் ஆடிப் பார்க்க விரும்புவோர் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு விடுதி வாசலில் என்னைச் சந்திக்கலாம். மட்டைகளைத் திடலிலேயே வாடகைக்குத் தருவார்கள். பந்து தொலையும், ஐந்தாறு பழைய பந்துகள் வாங்கி வருவது நலம். சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன், என் கணக்கிற்கு நீங்கள் போடுங்கள்.